மடித்த முனை

"அமுக்கு."

அமுக்கினேன்.

"விடு."

விட்டேன்.

காருக்கு அடியிலிருந்து வரும் இந்த இரண்டு சொற்களுக்குக் கட்டுப்பட்டே என் வயதில் பாதி போய்விட்டது. டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்நேரம் லாரியே ஓட்டக் கற்றிருப்பேன். ஆனால் நான் உட்காரும்போதெல்லாம் வண்டி ஜாக்கியின் மேல் நிற்கும். சக்கரங்களில் ஒன்றோ இரண்டோ கழன்று சுவரோரம் சாய்ந்திருக்கும். என் கணவருடைய இரண்டு கால்களும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக்கை அமுக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். அடியில் படுத்தால் பெடலுக்குக் கால் எட்டாது, சீட்டில் உட்கார்ந்தால் சக்கரத்துக்குக் கை எட்டாது என்பதால் தனி ஆளாகச் செய்ய முடியாத வேலை அது ஒன்றுதான். மற்றபடி இந்தக் காரில் என் இடம் பின்சீட்டு. முன்சீட்டில் அவருடைய கருவிப்பெட்டி உட்கார்ந்து வரும்.

"இப்ப எரியுதா?" என்றார்.

டேஷ்போர்டில், வேகமுள்ளுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவில் சிவப்பாக ஒரு விளக்கு. அமுக்கினாலும் எரிந்தது, விட்டாலும் எரிந்தது.

"எரியுது."

"ம்ம்" என்றார். அந்த 'ம்ம்'மில் ஒரு திருப்தி இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் காதில் விழுந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போக வேண்டும். புதன்கிழமை அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வேலைக்குப் போகிறாள். போனால் எப்போது வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம். கைப்பேசியில் அனுப்பிய படங்களைத் தவிர நான் அவனைப் பார்த்ததில்லை. ஒரு மலைப்பாதை ஏறி இறங்கினால் வந்துவிடுகிற ஊர். பஸ்ஸில் போனால் மாலைக்குள் சேர்ந்துவிடலாம். ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தக் காரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

புருஷன் வீட்டிலிருந்து அவள் பெட்டியோடு இரண்டு தடவை வந்தாள். முதல் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. தலையைத் தடவினார், ஃபேனைப் போட்டுவிட்டார், தூங்கச் சொன்னார். காலையில் எழுந்து காரின் கண்ணாடியைத் துடைத்தார். "வா கண்ணு, அப்பா கொண்டுபோய் விட்டுடறேன்" என்றார். வழியெல்லாம் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பேசிக்கொண்டே போனாராம். இரண்டாவது தடவை வந்தபோது வயிற்றில் பிள்ளை இருந்தது, காதுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் காரை ஸ்டார்ட் செய்தார். "எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளுடைய பெட்டியைத் தானே தூக்கிப் பின்னால் வைத்தார். அவளைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அதனால்தான் ஊரில் இன்றைக்கும் அவருக்குத் தங்கமான மனிதர் என்று பெயர். மூன்றாவது தடவை அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் தோழி ஒருத்தி இருந்தாள், அங்கே போய்விட்டாள். வேலையும் அங்கே, பிரசவமும் அங்கே.

வெளிநாட்டுக்குப் போவது முடிவானதும் என்னைக் கூப்பிட்டாள். "அப்பாவும் நீயும் வாங்க. அதே கார்ல வாங்க. என்னை எதுல ஏத்திக் கொண்டுபோய் விட்டாரோ, அதுலயே வந்து என் வாசல்ல இறங்கட்டும். நீ மட்டும் தனியா பஸ்ல வந்து அழுதுட்டுப் போறதா இருந்தா வராதம்மா."

அவள் கேட்டதில் என்ன தவறு? போனை வாங்கி அவரும் பேசினார். "வராம எங்கடா போகப்போறேன்? கண்டிப்பா வர்றேன்" என்று குழைந்தார். அந்த வாரத்தில்தான் இந்த விளக்கு எரிய ஆரம்பித்தது.

ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தயாராகி வரும் உதிரிபாகத்தை எடுத்து, திருப்பிப் பார்த்து, சரியில்லை என்று ஒதுக்கி வைப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். வாழ்க்கையில் அவர் 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பாக்கலாம்', 'ஆகட்டும்', 'இது மட்டும் முடியட்டும்'. நான் வேறு மாதிரி வேலை பார்த்தவள். ஒரு பெரிய கம்பெனியில் தொலைபேசி ஆபரேட்டர். பலகையில் ஒரு விளக்கு எரிந்தால் அந்த முனையில் ஒருவர் காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று பொருள். எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார எனக்கு வராது. இந்தச் சிவப்பு விளக்கு என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

பத்து மணி வாக்கில் தெருமுனையில் ஹாரன் அடித்தது. இவரைப் போலவே பழைய கார் வைத்திருக்கும் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பூனை குறுக்கே வந்தாலும் வராவிட்டாலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் நுழைவார். அதனால் எங்களுக்கு அவர் ஹாரன்காரர்.

"என்னப்பா, இன்னும் எரியுதா அந்தக் கண்ணு?" என்று கேட்டபடி வந்தார். "பேசாம ஒயரைப் பிடுங்கி விட்டுட்டுப் போயிட்டு வாயேன். பிரேக்கு நல்லாத்தானே பிடிக்குது?"

என் கணவர் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வகுப்பெடுக்கத் தொடங்கினார். அவர் குரலில் எப்போதுமே ஒரு நிதானம் உண்டு, எதிரில் இருப்பவருக்குத் தான் அவசரக்குடுக்கை என்று தோன்றிவிடும். "பிரேக்கு விஷயத்துல விளையாடக்கூடாதுப்பா. முன்சக்கரத்துக்கு ஒரு லைன், பின்சக்கரத்துக்கு ஒரு லைன். நடுவுல சின்னதா ஒரு பிஸ்டன். ரெண்டு பக்கமும் அழுத்தம் சமமா இருந்தா அது நடுவுல நிக்கும். ஒரு பக்கம் ஒழுகினா அந்தப் பக்கமா ஓடிப்போய் இந்த ஸ்விட்ச்சைத் தள்ளும், விளக்கு எரியும். இல்லேன்னா ஸ்விட்ச்சே கெட்டுப் போயிருக்கும். அதுவும் இல்லேன்னா ஒயர் எங்கயாவது பாடியில உரசிக்கிட்டிருக்கும்."

"எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று நான்தான் கேட்டேன். பின்சீட்டுக்காரிக்கு எதற்கு இந்தக் கேள்வி என்பதுபோல் பார்த்தாலும், ஆள் முன்னால் இருந்ததால் பதில் சொன்னார்.

"ஸ்விட்ச்சு மேல சொருகியிருக்கிற ஒயரைக் கழட்டணும். விளக்கு அணைஞ்சா கோளாறு ஸ்விட்ச்சுலயோ பிரேக்குலயோ. அணையலேன்னா ஒயர்ல. நான் கழட்டிப் பாத்துட்டேன். அணைஞ்சிடுச்சு. ஒழுகலும் இல்ல. அப்ப ஸ்விட்ச்தான். இந்த மாடலுக்கு எங்க கிடைக்கும் சொல்லு? அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தொண்டையை அடைக்குது."

ஹாரன்காரர் கால்சட்டைப் பையில் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொருளை எடுத்து பானெட்டின் மேல் வைத்தார். "இதுக்குத்தாண்டா வந்தேன். என்கிட்ட உடைச்சுப் போட்ட வண்டி ஒண்ணு கிடக்குல்ல, அதுல இருந்து கழட்டினேன். டெஸ்ட் பண்ணிட்டேன், பொன்னு மாதிரி வேலை செய்யுது. தங்கச்சி, நாளைக்குப் பேரனைப் பாத்துட்டு எனக்கும் ஒரு முத்தம் வாங்கிட்டு வா."

நான் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தேன். அப்படியே திரும்பி அவரைப் பார்த்தால் முகம் செத்துப்போயிருந்தது. ஒரு கணம்தான். உடனே சரிசெய்துகொண்டு கூட்டாளியின் தோளைத் தட்டினார். இப்போதே மாட்டிவிடலாமே என்று ஹாரன்காரர் சட்டைக்கையை மடித்தபோது, "அவசரப்பட்டா மரை போயிடும். மத்தியானம் நிதானமா நானே மாட்டிக்கிறேன். நாளைக்குப் போறோமில்ல, முடி வெட்டிக்கணும், வா என்னை இறக்கி விடு" என்று அவரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மகளைப் பார்க்க முடி வெட்டிக்கொள்கிறார் என்று எனக்கு அவர்மேல் பாசம்கூட வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் போன பிறகு துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். பேரனுக்குத் தைத்த இரண்டு சட்டைகளை வைத்தேன், எடுத்தேன், அளவு சரியாக இருக்குமா என்று கையில் விரித்துப் பார்த்து மறுபடியும் வைத்தேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஸ்விட்ச்சைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது மிஞ்சிமிஞ்சிப் போனால் குழாய்க்கு வாஷர் மாற்றுகிற வேலையாக இருக்குமா? அவர் வருவதற்குள் முடித்துவைத்தால் மூக்கின்மேல் விரலை வைப்பார் என்று அற்பமாக ஓர் ஆசை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் போட்டுத் திருகினேன். விளக்கு எரிந்தது. பானெட்டைத் தூக்கினேன். ஸ்விட்ச் கண்ணுக்கெதிரே இருந்தது. தலையில் சொருகியிருந்த ஒயரை மெல்ல ஆட்டிக் கழற்றிவிட்டு, எட்டி டேஷ்போர்டைப் பார்த்தேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கையில் ஒயரின் முனை. ஸ்விட்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காலையில் அவர் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கழற்றிப் பார்த்ததாகவும் அணைந்துவிட்டதாகவும்தானே சொன்னார்? தப்பாகப் பார்த்திருப்பாரோ என்று அவருக்காக நானே சமாதானம் தேடினேன். தொழிற்சாலையில் மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடித்த மனிதர் எரிகிற விளக்கை அணைந்தது என்றா பார்ப்பார்?

இழையைப் பிடித்துக்கொண்டு போவது எனக்குப் பழக்கமான வேலை. ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். இஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டின் துளையில் அது நுழைந்தது. உள்ளே போய் முன்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்தேன். இந்த வயதில் அப்படிப் படுத்தால் எழுந்திருக்க யாராவது வர வேண்டும், ஆனாலும் படுத்தேன். பியூஸ் பெட்டிக்குப் பின்னால், கை மட்டும் போகிற இடத்தில், விரலில் டேப் தட்டுப்பட்டது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒயரை நடுவில் சீவி, அதிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு ஒயரைப் பிரித்து, காரின் தகட்டில் உள்ள திருகாணியில் முறுக்கியிருந்தது. சேர்த்த இடத்தில் டேப் சுற்றியிருந்தது. சுத்தமான வேலை. சுற்று மேல் சுற்று ஒரே அளவில் ஏறியிருந்தது. கடைசி முனை ஒட்டாமல், நகம் பிடிக்க வசதியாக, உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

டேப் சுற்றும்போது முனையை மடித்து விடுகிற ஆளை இந்த வீட்டில் எனக்குத் தெரியும். மிக்ஸி ஒயரில், ஹோஸ் குழாயில், என் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்தபோது அதில், எல்லாவற்றிலும் அந்த மடிப்பு இருக்கிறது. "பின்னால பிரிக்கிறவன் கஷ்டப்படக்கூடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

நான் கஷ்டப்படவில்லை. நகத்தால் பிடித்து இழுத்ததும் அழகாகப் பிரிந்து வந்தது. கறுப்பு ஒயரைத் திருகாணியிலிருந்து விடுவித்தேன். படுத்த இடத்திலிருந்தே விளக்கு அணைவது தெரிந்தது. சீவிய இடத்தை அதே டேப்பால் சுற்றினேன். எழுந்துபோய், பழைய ஸ்விட்சிலேயே அதன் ஒயரை மறுபடி சொருகினேன். விளக்கு எரியவில்லை. எரியாது. அந்தப் பாவப்பட்ட ஸ்விட்சுக்கு ஒரு கேடும் இல்லை. பிரேக்குக்கும் இல்லை. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்து சற்று நேரம் நின்றேன், வரவில்லை. தினமும் காலையில் என்னை அந்த சீட்டில் உட்காரவைத்து, அமுக்கு விடு, எரியுதா எரியுதா என்று கேட்டாரே, அதை நினைத்தபோது கழுத்தெல்லாம் கூசியது. பொய்யை அவர் சொன்னார், தினமும் சாட்சி சொன்னது நான்.

முடி வெட்டி, கழுத்தில் பவுடரோடு வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"விளக்கு அணைஞ்சிடுச்சு" என்றேன்.

செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார். நான் காத்திருந்தேன். 'எப்படி' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், எல்லாவற்றையும் கொட்டிச் சண்டை போட்டு, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது அவரை அங்கே கொண்டுபோயிருப்பேன். அவர் கேட்கவில்லை. கருவிப்பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அப்புறம் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. எதுக்கும் பின்சக்கர பிரேக்குல ஒருதடவை ஏர் எடுத்துப் பாத்துடலாம். மலைப்பாதையாச்சே. வந்து உக்காரு."

பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஜாக்கி ஏறியது, சக்கரம் கழன்றது. கண்ணாடி போல் தெரியும் ரப்பர் குழாயின் ஒரு முனையைச் சக்கரத்தின் பின்னாலுள்ள நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டார். இந்த வேலையை எத்தனையோ தடவை செய்திருக்கிறோம். அமுக்கிப் பிடித்திருக்கும்போது அவர் நிப்பிளைத் திறப்பார், ஆயிலோடு காற்றும் குமிழ்குமிழாக வெளியே வரும். மூடிய பிறகுதான் நான் காலை எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்தால் எல்லாம் திரும்பி உள்ளே போகும். அவர் படுத்தார். கால்கள் வெளியே நீட்டின. என் துணிப்பையைப் பக்கத்து சீட்டில், கருவிப்பெட்டி இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன்.

"அமுக்கு."

அமுக்கினேன். நிப்பிள் திறந்தது. பெடல் என் காலுக்குக் கீழே பொதக்கென்று தரைவரை இறங்கியது. டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பக்கத்து லைனைத் திறந்துவிட்டு அமுக்கினால் எரியத்தானே செய்யும்.

"எரியுதா?" என்றார்.

"எரியுது."

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல" என்ற குரலில் அப்படி ஒரு நிம்மதி. "இன்னும் விடாத. இதுல ஏதோ இருக்கு. நாளைக்கு வேணாம்னு நினைக்கிறேன். போன் போட்டு நான் சொல்லிக்கிறேன் அவகிட்ட."

"டேப் முனையை மடிச்சு விடற ஆளு இந்த வீட்ல ஒருத்தர்தாங்க" என்றேன்.

ஸ்பேனரின் சத்தம் நின்றது.

"எந்த டேப்பு?"

"பியூஸ் பெட்டிக்குப் பின்னாடி."

அப்போதும் பெடலிலிருந்து நான் காலை எடுக்கவில்லை. பழக்கம். கடைசியில், காருக்கே சொல்கிற மாதிரி, மெதுவாக ஒரு குரல் வந்தது.

"நான் போய் அவ வாசல்ல இறங்கினா, அன்னிக்குச் செஞ்சதெல்லாம் தப்புன்னு ஆயிடும்ல?"

"ஆகட்டுமே."

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிடுவே." ஒரு மூச்சு விட்டார். "விடாத. நிப்பிள் திறந்திருக்கு. நான் சொல்ற வரைக்கும் விடாத."

காலை எடுத்தேன். குழாய் உறிஞ்சுகிற சத்தம் உட்கார்ந்த இடத்திலேயே எனக்குக் கேட்டது. "ஏய், விடாதேன்னேன்ல! காத்துப் போகுது பார், காத்து!" என்று அடியிலிருந்து கத்தினார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸில் தனியாக வராதே என்று அவள் சொன்னது காதிலேயே இருந்தது. கதவைத் திறப்பாளா என்று தெரியாது. திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே பேரன் சுவரைப் பிடித்து நடப்பது கேட்டாலும் கேட்கும். அவர் படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் என் செருப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும். அது கேட்டை நோக்கிப் போவதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் எழுந்து வரவில்லை.

"அமுக்கு" என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்து தாழ்ப்பாளைப் போடத் திரும்பினேன். டிரைவர் பக்கக் கதவு நான் விட்டது போலவே திறந்து கிடந்தது. சீட்டில் நான் உட்கார்ந்திருந்த பள்ளம் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது. உள்ளிருட்டில் அந்த விளக்கு எரிந்தது.

"அமுக்கும்மா" என்றது அடியிலிருந்து குரல்.